ரெசாங் லாவின் ஏடுகளைத் திறந்துவிடுங்கள்: பாதுகாப்பு அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு பாதுகாப்பு அமைச்சர் அவர்களுக்கும், அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவு அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் ராணுவத்தின் சிக்னல் பிரிவில் 22 ஆண்டுகள் பணியாற்றி ஹவில்தாராக ஓய்வுபெற்றவன்; வேலூர் மாவட்டத்துக்காரன். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போவது புதிய செய்தி அல்ல என்பது உங்கள் ஆள்சேர்ப்பு அலுவலர்களுக்குத் தெரியும். என் பணிக்காலத்தில் இரண்டு குளிர்காலங்களைக் கிழக்கு லடாக்கில் கழித்தேன். 13 குமாவோன் படையணியின் மேஜர் ஷைத்தான் சிங் அங்குள்ள ரெசாங் லா கணவாயில் 1962 நவம்பர் 18 அன்று சீனப் படையை எதிர்த்து நடத்திய சண்டையைப் பற்றியும், அந்தச் சண்டையைக் குறித்து அரசின் பெட்டகங்களில் இன்னும் பூட்டிக் கிடக்கும் தாள்களைப் பற்றியும் தங்களிடம் ஒரு விண்ணப்பம் வைப்பதற்கு அந்த இரண்டு குளிர்காலங்களைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

முதலில் அந்தப் பெயர். ஜோத்பூர்ப் பக்கத்து ராஜபுத்திரக் குடும்பத்தில் 1924-இல் பிறந்த பிள்ளைக்கு அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள். நான் அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பெயரைக் கேட்டுச் சிரித்துவிடுவார்கள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துதான் மேலே சொல்ல வேண்டியிருக்கும். முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போய்ப் போரிட்ட அதிகாரி ஒருவரின் மகன் அவர். ஜோத்பூர் சமஸ்தானப் படையில் சேர்ந்து, சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபின் குமாவோன் ரெஜிமெண்டுக்கு வந்தார். 1962-இல் அவருக்குக் கீழே இருந்த 'சி' கம்பெனியின் ஆட்களோ அஹிர் சமூகத்தார். இன்றைய அரியானாவின் ரேவாரி, நார்னோல், குர்கான் பக்கத்துச் சமவெளி உழவர் வீட்டுப் பிள்ளைகள். பனியையே பார்த்திராத அந்த ஆட்களை 16,000 அடிக்கு மேல் உள்ள ஒரு கணவாயில் நிறுத்தினோம்.

அந்த உயரம் எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே அரிசி திறந்த பாத்திரத்தில் வேகாது. குக்கர் இல்லாவிட்டால் நடுவில் கல்லாகவே இருக்கும். கையுறையைக் கழற்றிவிட்டு இரும்பைத் தொட்டால் தோல் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். எங்கள் வானொலிப் பெட்டியின் பேட்டரி குளிரில் செத்துவிடும் என்பதால், இரவில் அதை உறங்கும் பைக்குள் வைத்து, பிள்ளையை அணைத்துக்கொண்டு தூங்குவதுபோல அணைத்துக்கொண்டு படுப்போம். எங்களுக்கு அப்போது நல்ல குளிருடை இருந்தது, பங்கரில் புகாரி அடுப்பு இருந்தது. அப்படியும் ஓர் இருபது அடி ஏறினால் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க முடியும். ரெசாங் லாவில் இருந்தவர்கள் கையில் இருந்ததோ .303 துப்பாக்கி. ஒவ்வொரு குண்டுக்கும் தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். விறைத்த விரல்களால், தானியங்கித் துப்பாக்கியோடு ஏறிவரும் எதிரிக்கு முன்னால், அதை எத்தனை முறை செய்திருப்பார்கள் என்று நான் பல இரவுகள் யோசித்திருக்கிறேன்.

சண்டையின் பொதுவான வடிவம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சுஷுல் விமானத் திடலையும் அந்தப் பள்ளத்தாக்கையும் காக்கும் பொறுப்பு பிரிகேடியர் டி.என். ரெய்னாவின் 114-ஆவது பிரிகேடுக்கு இருந்தது. பள்ளத்தாக்கின் தென்கிழக்குக் காவல், ரெசாங் லா. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீண்ட அந்த முகட்டில் மூன்று பிளட்டூன்கள், அதாவது கம்பெனியின் மூன்று உட்பிரிவுகள். ஜமேதார் சுர்ஜா, ஜமேதார் ஹரி ராம், ஜமேதார் ராம் சந்தர் ஆகிய மூவரும் (ஜமேதார் என்பது அதிகாரிக்கு அடுத்த கீழ்ப்பதவி) அவற்றுக்குத் தலைமை. பனி பெய்த இரவு விடிவதற்கு முன்பே முன்காவலில் இருந்தவர்கள் எதிரியின் நடமாட்டத்தைக் கண்டுவிட்டார்கள். வைகறை வெளிச்சத்தில் சரிவில் ஏறிவந்த முதல் அலை சிதறியது, அடுத்ததும் சிதறியது. அதன்பின் சீனப் படை பீரங்கியாலும் ராக்கெட்டுகளாலும் பதுங்குகுழிகளைப் பெயர்த்தது, பின்பக்கமாகச் சுற்றி வந்தது. குண்டுகள் தீர்ந்த இடங்களில் முனையில் கத்தி பொருத்திய துப்பாக்கியோடும் வெறுங்கையோடும் சண்டை நடந்தது. 114 பேர் மடிந்தார்கள்.

இந்தச் சுருக்கத்தைத்தான் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 18 அன்று எல்லாரும் திருப்பிச் சொல்கிறோம். 'கடைசி ஆள், கடைசிக் குண்டு' என்ற தொடரும் கூடவே வந்துவிடும். அந்தத் தொடரின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அதைக் கேட்டு முடித்ததும் யாரும் மேற்கொண்டு எதையும் கேட்பதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன். ஒரு கம்பெனி கமாண்டர் அந்தக் காலை வேளையில் என்ன செய்தார், எதை முடிவெடுத்தார், எந்த முடிவு அவர் கையில் இல்லாமலே போனது என்பவை அந்த நான்கு சொற்களுக்குள் புதைந்துவிடுகின்றன.

அவருடைய பரம் வீர் சக்ரா விருதுரையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒரே ஒரு செய்தி. உயிராபத்தைப் பொருட்படுத்தாமல் அவர் ஒரு பிளட்டூன் நிலையிலிருந்து இன்னொரு பிளட்டூன் நிலைக்குப் போய்க்கொண்டே இருந்தார், ஆட்களின் மனத்தைத் தாங்கிப் பிடித்தார் என்று அது சொல்கிறது. படிப்பவருக்கு இது விருதுரைகளில் வழக்கமாக வரும் வாக்கியமாகத் தோன்றலாம். அந்த உயரத்தில் நடந்தவனுக்கு அப்படித் தோன்றாது. பிளட்டூன்கள் தொலைவில், ஒன்றின் நிலை மற்றதற்குத் தெரியாதபடி இருந்தன. படையணித் தலைமையகத்தோடு இருந்த தொடர்பு அறுந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் தன் ஆட்களிடம் பேசுவதற்கு ஓர் அதிகாரிக்கு மிஞ்சியது கால்கள் மட்டுமே. மூச்சுக்குத் தவிக்கும் உயரத்தில், பீரங்கிக் குண்டுகள் விழும் முகட்டில், ஒரு மோர்ச்சாவிலிருந்து, அதாவது பதுங்குகுழியிலிருந்து, கிளம்பி அடுத்த மோர்ச்சாவில் தலையைக் காட்டுவது என்பது அந்த மோர்ச்சாவில் இருந்த ரேவாரிப் பையனுக்கு என்னவாக இருந்திருக்கும்? 'சாப் (ஐயா) வந்துவிட்டார்' என்பதுதான் அவனுக்கு வந்துசேர்ந்த ஒரே சிக்னல். 22 ஆண்டுகள் கம்பியையும் அலைவரிசையையும் கட்டி மாரடித்த நான், இதைவிட நம்பகமான தொடர்பு முறையை எங்கும் பார்த்ததில்லை.

முதலில் கையில் குண்டுச்சில்லு பாய்ந்தது, அதோடும் நடந்தார். பிறகு இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் வயிற்றில் பாய்ந்தன. ஆட்கள் அவரைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கியபோது எதிரியின் துப்பாக்கிகள் அவர்களைப் பின்தொடர்ந்தன. தன்னைச் சுமப்பதால் சுமப்பவர்களும் சாவார்கள் என்று கண்டதும், தன்னை அங்கேயே விட்டுப்போகச் சொன்னார். அவரை ஒரு பாறையின் மறைவில் சாய்த்துவைத்துவிட்டுப் போனார்கள். இதையெல்லாம் நமக்குச் சொன்னவர்கள் பிழைத்துவந்த ஒரு சில பேர். அவருடைய கடைசி உத்தரவுதான் அந்தச் சாட்சிகளை நமக்கு மிச்சம் வைத்தது என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் அந்தச் சாட்சிகளை நாம் எப்படி நடத்தினோம்? கீழே இறங்கிவந்து அவர்கள் சொன்னதைத் தொடக்கத்தில் நம்பவில்லை. ஒரு கம்பெனி முழுவதும் நின்ற இடத்திலேயே மாண்டிருக்க முடியுமா என்று சந்தேகப்பட்டார்கள். ஓடிவந்தவர்கள் கதை கட்டுகிறார்கள் என்ற பேச்சும் எழுந்தது. 1963 பிப்ரவரியில் ஒரு மேய்ப்பன் அந்த முகட்டுக்குப் போனான். பனிக்கடியில், மோர்ச்சாக்களில், துப்பாக்கியைப் பிடித்தபடி விறைத்திருந்த உடல்களை அவன் கண்டு சொன்ன பிறகுதான் கணக்குத் தீர்ந்தது. மருத்துவ உதவியாளர் தரம்பால் சிங் தஹியாவின் கையில் ஊசியும் கட்டுத்துணியும் அப்படியே இருந்தனவாம். ஷைத்தான் சிங் விட்டுச்சென்ற பாறையருகிலேயே கிடந்தார். பிழைத்தவர்களின் வாக்குமூலத்துக்கு மாண்டவர்களின் உடல்கள்தாம் அத்தாட்சிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. இதை ஒரு குற்றச்சாட்டாக எழுதவில்லை. தோல்வியின் அதிர்ச்சியில் இருந்த ராணுவம் அது. ஆனால் அந்த மூன்று மாதங்களில் பிழைத்தவர்களிடம் கேட்ட கேள்விகளும் அவர்கள் தந்த பதில்களும் எங்கோ ஒரு கோப்பில் இருந்தாக வேண்டும். ராணுவத்தில் காகிதம் இல்லாமல் ஒரு கம்பளிகூடக் கைமாறுவதில்லை.

இனி பீரங்கி விஷயத்துக்கு வருகிறேன். இந்த மடலின் உயிர்நாடி அதுதான். பீரங்கிக் குண்டு வில்போல் வளைந்து போகிறது. பீரங்கிக்கும் இலக்குக்கும் நடுவில் உயர்ந்த மலைமுகடு இருந்தால், குண்டு அந்த முகட்டில் மோதும், அல்லது அதைத் தாண்டி இலக்குக்கு அப்பால் போய் விழும். சுஷுலில் இருந்த நம் பீரங்கிகளுக்கும் ரெசாங் லாவுக்கும் இடையே அப்படி ஒரு முகடு இருந்தது. ஆகையால் பிரிகேடின் மற்ற நிலைகளுக்குக் கிடைத்த பீரங்கித் துணை 'சி' கம்பெனிக்குக் கிடைக்கவில்லை. தம்மிடம் இருந்த மார்ட்டர்களோடு அவர்கள் தனித்து நின்றார்கள். இது சண்டையின் நடுவில் நேர்ந்த விபத்து ஆகாது. வரைபடத்தைப் பார்க்கும் எந்தப் பீரங்கி அதிகாரிக்கும் முதல் நாளே தெரியக்கூடியது. தெரிந்தும் வேறு வழி இல்லாமல் அப்படி நிறுத்தினார்களா? அதே சுஷுலுக்கு ஏ.எம்.எக்ஸ். டாங்கிகளையே அன்டோனோவ் விமானத்தில் ஏற்றிவந்து இறக்கிய நாம், சில பீரங்கிகளை இடம் மாற்றிப் பார்த்தோமா? ஷைத்தான் சிங் கேட்டாரா? கேட்டிருந்தால் என்ன பதில் வந்தது?

பிரிகேடியர் ரெய்னா பின்னாளில் தரைப்படைத் தளபதியாக உயர்ந்தவர். கையில் இருந்த சொற்பப் படையைக்கொண்டு அகன்றதொரு பள்ளத்தாக்கைக் காத்தவர். அவர்மேலோ படையணித் தளபதிமேலோ பழி சுமத்துவதற்காக நான் இதைக் கேட்கவில்லை. ஏடுகள் திறந்தால் அவர்கள் நியாயம் இன்னும் தெளிவாக வெளிப்படவும் கூடும். இன்றைய நிலையில் கேள்வி கேட்பவன் மேலதிகாரிகளைச் சந்தேகிக்கிறவன் ஆகிவிடுகிறான், கேளாதவன் தேசபக்தன் ஆகிவிடுகிறான். இந்த அவல நிலைக்குக் காரணம் ஏடுகள் மூடியிருப்பதே.

ஏடுகள் மூடியிருக்கும் இடத்தில் கதைகள் வளர்கின்றன. கம்பெனியில் 117 பேர் என்பார் உண்டு, 120 என்பார் உண்டு, 124 என்பாரும் உண்டு. சீனர் தரப்பில் மடிந்தவர்கள் சில நூறு என்று ஒருவர் எழுதுகிறார், ஆயிரத்துக்கு மேல் என்று இன்னொருவர் எழுதுகிறார். ஒவ்வொரு நவம்பரிலும் இந்த எண் கைப்பேசிகளில் கொஞ்சம் கூடிப்போகிறது. எண்ணைப் பெருக்கித்தான் ஷைத்தான் சிங்கைப் பெரியவராக்க வேண்டுமா? பீரங்கித் துணை இல்லாத முகட்டில் தோல்வி உறுதி என்று தெரிந்த பின்னும் மோர்ச்சா மோர்ச்சாவாக நடந்த மனிதரின் பெருமை எதிரியின் பிணக்கணக்கில் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

1962 போருக்காகப் பரம் வீர் சக்ரா பெற்ற மூவரில் மேஜர் தன் சிங் தாப்பாவும் ஒருவர். அதே லடாக்கில் சிரிஜாப் காவல்நிலையில் அக்டோபர் 20 அன்று அவர் மாண்டுவிட்டார் என்று நம்பி, மறைவுக்குப் பிந்தைய விருதாகவே அதை அறிவித்தார்கள். அவரோ சீனச் சிறையில் உயிரோடு இருந்தார். திரும்பிவந்தார், ஆவணத்தைத் திருத்தினோம். திருத்தியதால் அவருடைய வீரம் ஒரு குன்றிமணி அளவும் குறையவில்லை.

அரசின் தரப்பு எனக்குத் தெரியாமல் இல்லை. லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பகத்தும் 1962 தோல்வியைப் பற்றி 1963-இல் அளித்த ஆய்வறிக்கையை வெளியிட முடியாது என்று 2008-இல் நாடாளுமன்றத்தில் ஓர் அரசு சொன்னது. 2014-இல் வேறு கட்சியின் அரசும் அதையே சொன்னது. ஆட்சிகள் மாறின, பதில் மாறவில்லை. இதற்கிடையில் அதே 2014-இல் அவ்வறிக்கையின் பெரும்பகுதியை நெவில் மேக்ஸ்வெல் என்ற வெளிநாட்டுப் பத்திரிகையாளர் இணையத்தில் போட்டுவிட்டார். நம்முடைய அறிக்கையை உலகமே படிக்கலாம், நம் அரசு மட்டும் அது ரகசியம் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம் என்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் கதையாக இருக்கிறது. அந்த அறிக்கையின் கவனம் பெரும்பாலும் கிழக்கு முனையின் (இன்றைய அருணாசலப் பிரதேசப் பக்கத்து) தோல்வியில் இருப்பதால், என் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அதில் விடை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 1962 போரைப் பற்றித் தங்கள் அமைச்சகமே எழுதுவித்த அதிகாரபூர்வ வரலாறும் முறைப்படி வெளிவராமலேயே கிடக்கிறது. அதைவிட எளிய, சிறிய தாள்களையே நான் கேட்கிறேன்.

2021 ஜூன் மாதத்தில் தங்கள் அமைச்சகம் ஒரு கொள்கையை அறிவித்தது. 25 ஆண்டுகளுக்குள் ஆவணங்களின் ரகசியத் தன்மையை வழக்கமாக நீக்குவது, போர் வரலாறுகளைக் காலவரையறைக்குள் தொகுப்பது என்பன அதன் சாரம். பட்டாளத்துக்காரன் என்ற முறையில் அந்த அறிவிப்பைப் படித்து மகிழ்ந்தேன். அதே ஆண்டு நவம்பர் 18 அன்று, புதுப்பித்த ரெசாங் லா நினைவிடத்தை அமைச்சர் திறந்துவைத்தார். 1962-இல் 13 குமாவோனில் கேப்டனாக இருந்து, முதுமையில் சக்கர நாற்காலியில் வந்திருந்த பிரிகேடியர் ஜடாரை அமைச்சரே தள்ளிக்கொண்டு நடந்த காட்சியைப் பார்த்து என் கண் கலங்கியது உண்மை. அந்தத் தலைமுறையில் இனி எஞ்சியிருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவராவது இருக்கும்போதே ஏடுகள் திறந்தால், 'இந்த இடத்தில் பதிவு தவறு, நடந்தது இப்படி' என்று சொல்ல ஒரு வாய் இருக்கும்.

ஆகவே, 13 குமாவோன் படையணியின் 1962 அக்டோபர், நவம்பர் மாதப் போர் நாட்குறிப்பையும், பிழைத்துவந்த 'சி' கம்பெனி வீரர்களின் வாக்குமூலங்களையும், 1963 பிப்ரவரியில் முகட்டுக்குச் சென்ற மீட்புக் குழுவின் பதிவுகளையும், எந்த உடல் எந்த மோர்ச்சாவில் எந்த நிலையில் கிடந்தது என்ற விவரத்தோடு, தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றிப் பொதுமக்கள் படிக்கும்படி செய்ய வேண்டுகிறேன். இன்றைய எல்லையில் பயன்படும் ரகசியம் ஏதேனும் ஒரு வரியில் இருக்குமானால் அந்த வரியை மறைத்துக்கொள்ளுங்கள். .303 துப்பாக்கியின் காலத்துத் தாள்களில் அப்படி எத்தனை வரிகள் இருந்துவிடும்? மூவரும் ஜமேதார்களாக இருந்து மூன்று பிளட்டூன்களை நடத்தி வீர் சக்ரா பெற்றார்களே, அவர்களுடைய முடிவுகளைப் பற்றியும் அந்தத் தாள்களில் இருக்கும். அதிகாரியின் பெயரில் நாம் கொண்டாடும் தலைமையில் அவர்களின் பங்கு எவ்வளவு என்பதை இன்றைய நாயக்கும் ஹவில்தாரும் தெரிந்துகொள்ள வேண்டும். டேராடூன் ராணுவக் கழகத்தில் பயிலும் இளம் அதிகாரிகள் மட்டும் படித்து வைத்துக்கொள்ளும் பாடமாக அது இருக்கக் கூடாது.

இதோடு என் தனிப்பட்ட ஆசை ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் சிக்னல் பிரிவில் வரும் செய்தி, போகும் செய்தி ஒவ்வொன்றையும் நேரத்தோடு பதிவேட்டில் எழுதுவோம். எதிரில் குண்டு விழுந்தாலும் நேரத்தை எழுதாமல் விடக் கூடாது என்பது முதல் நாள் பயிற்சியிலேயே சொல்லித் தருவது. 1962 நவம்பர் 18 அன்று விடியற்காலையில் ரெசாங் லாவோடு பேசிக்கொண்டிருந்த படையணித் தலைமையகத்து ஆபரேட்டரும் எழுதியிருப்பார். தொடர்பு அறுவதற்கு முன் அந்த முகட்டிலிருந்து கடைசியாக வந்த செய்தி என்ன, அதற்கு நாம் அனுப்பிய பதில் என்ன, இரண்டுக்கும் இடையே எத்தனை நிமிடம் என்பதை அந்த ஒரு பக்கம் சொல்லிவிடும். மற்றவை வருவதற்குத் தாமதமானாலும், அந்தப் பக்கத்தை மட்டுமாவது முதலில் வெளியிடுங்கள்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர்,
சிக்னல் பிரிவு,
வேலூர் மாவட்டம்.